மேலகரத்தில் பிறந்த குடியரசு

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் மணி 11.20. தென்காசியில் சாரல், குடையை விரித்தால் வேண்டாம் என்றும் மடக்கினால் வேண்டும் என்றும் தோன்றும் அளவுக்கு.

அந்த நேரத்தில் நான் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில், 147 என்று எழுதிய சீட்டோடு, ஒரு நாட்டின் பிறப்பிடத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் குடிநீர்க் குழாய்க்காக வந்திருந்தார். பின்னால் நின்ற அம்மையார் முதியோர் உதவித்தொகைக்காக.

"நீங்க எதுக்கு வந்திருக்கீய?" என்று அம்மையார் கேட்டார்.

"சாந்தெல் குடியரசு தோன்றிய இடம் தொடர்பாக."

அவர் சற்று யோசித்தார். "பட்டா மாத்தணுமாக்கும்" என்றார். ஏறத்தாழ அதுதான் என்பதால் நான் மறுக்கவில்லை.

நான் கோமதிசங்கர். முப்பத்தோராண்டுகள் ஆட்சிமொழி ஆய்வாளராக இருந்தேன். அரசு அலுவலகங்களுக்குச் சென்று, கோப்புகள் தமிழில் எழுதப்படுகின்றனவா, பிழையின்றி எழுதப்படுகின்றனவா என்று பார்த்து, சிவப்பு மையால் திருத்திக் குறிப்பெழுதுவது என் பணி. நான் படியேறுவதைக் கண்டதும் எழுத்தர்கள் கோப்புகளைக் காலுக்கடியில் தள்ளுவார்கள். அதை மரியாதை என்று நான் நெடுங்காலம் கருதியிருந்தேன். ஓய்வு பெற்று எட்டாண்டுகளாகிவிட்டன. திருத்துவதற்குக் கோப்பில்லாத நிலையில், வீட்டு மளிகைப் பட்டியலைத் திருத்தத் தொடங்கினேன். லோகநாயகி பட்டியல் எழுதுவதை நிறுத்திவிட்டாள். முப்பத்தெட்டாண்டு மணவாழ்க்கையில் அவள் எனக்கு அளித்த ஒரே எழுத்துவடிவக் கண்டனம், அந்த எழுதாமைதான்.

சாந்தெல் என்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள நான்கு தீவுகள். உலகப்படத்தில் அச்சுப்பிழை போலத் தெரியும். முதன்முறை கண்டபோது நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஒரு கட்சி. தீவின் மற்ற மக்கள் இன்னொரு கட்சி. முதற்கட்சிக்குத் தலைவர் ஆரோன் சூதலே. எங்கள் பக்கத்து ஆய்க்குடியிலிருந்து சென்ற சுடலையாண்டி ஒருவருடைய பெயர், மூன்று தலைமுறை கடலுப்பில் ஊறி அவ்வாறு ஆகியிருந்தது. மற்ற கட்சிக்குத் தலைவர் ஜூல் மொரேல். ஒரே மேடையில் ஏறாத இவ்விருவரும் 1972இல் எங்கோ சந்தித்து, சேர்ந்து விடுதலை கேட்பதென்று உடன்பட்டார்கள். நான்காண்டுகளில் நாடு பிறந்தது. அந்நாட்டின் விடுதலை நாள் மலர் ஒன்றை, வேறெதையோ தேடும்போது இணையத்தில் கண்டேன். அதில் ஒரு வரி இருந்தது: முதல் உடன்பாடு தென்னிந்தியாவில் அருவிகள் உள்ள ஓர் ஊரில் எட்டப்பட்டது, இடம் தெரியவில்லை.

'இடம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு ஒருவர் வீட்டுக்குச் செல்வதை, என் பணிக்காலத்தில் நான் அனுமதித்ததில்லை.

இடத்தை நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள விருப்பம்தான். ஆனால் நான் சென்றது அண்டா எடுக்க. என் மகளின் வளைகாப்புக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பதற்காக, மேலகரத்தில் குற்றாலம் சாலையோரமுள்ள பழைய பங்களாவுக்குப் போனேன். சீசனுக்கு வருபவர்கள் தங்குவதற்காகத் தென்காசி வணிகர் ஒருவர் கட்டியது. இப்போதைய உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். முன்கூடத்தில் குருவம்மாள் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறார். அங்கே ஆடிய ஓர் அண்டா அடுக்குக்கு முட்டுக் கொடுத்திருந்த தடித்த பதிவேட்டைப் பழக்கதோஷத்தால் உருவிப் பிரித்தேன். 14.7.1972 என்ற நாளில் இரண்டு கையெழுத்துகள்: ஆ. சூதலே, ஜூ. மொரேல். ஊர்: சாந்தெல். வந்த நோக்கம்: குளியல்.

அடுக்கு சரிந்தது. நான் பதிவேட்டை விரித்துக் காட்டிக் குருவம்மாளிடம் செய்தியைச் சொன்னேன்.

"அப்படியா" என்றார் அவர். "அண்டாவ என்னைக்குத் திருப்பிக் கொண்டாருவீய?"

அதன்பின் இரண்டாண்டுகள் நான் மனுவை எழுதினேன். பங்களாவை நினைவுச்சின்னமாக அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் வரைவு ஒரு பக்கம். ஏழாவது, நாற்பத்தாறு பக்கம். ஒன்பதாவது மீண்டும் ஒரு பக்கம். சாந்தெல் தூதரகத்துக்கும் எழுதினேன். நன்றி தெரிவித்து, தங்கள் கடற்கரைகளுக்கு வருமாறு அழைக்கும் வண்ணக் கையேடு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று பிழைகள் இருந்தன. திருத்தித் திருப்பியனுப்பினேன். பதில் இல்லை.

இந்த ஆண்டு மார்ச் மாதத்தில் சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தார்கள். ஒருவர் பங்களாவின் சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட்டார். அது காட்டிய சாலைக்கோடு முன்கூடத்தின் நடுவே சென்றது. உரிமையாளர் சென்னையிலிருந்தே ஒப்புதல் அனுப்பிவிட்டார். கூடம் போனால் கடை போகும். குருவம்மாளுக்கு வேறு தொழிலில்லை, வேறு இடமுமில்லை. சாலையின் எதிர்ப்புறம் வாய்க்கால்கரைப் புறம்போக்கு. ஒரு புங்கமரம், இரண்டு கருங்கற்பலகைகள், ஒரு கைபேசிக் கடையின் பிளெக்ஸ், அவ்வளவுதான். கோடு நான்கு மீட்டர் அந்தப் பக்கம் நகர்ந்தால் கூடம் தப்பும். நகர்த்த ஒரு காரணம் வேண்டும். ஊரில் கையிருப்பிலிருந்த ஒரே காரணம் என்னிடம், பதினோராம் வரைவாக இருந்தது.

"அண்ணாச்சி, அந்த வெள்ளக்காரன் கதைய எப்ப எழுதி முடிப்பீய?" என்று ஜூன் மாதத்தில் குருவம்மாள் கேட்டார்.

"அவர்கள் வெள்ளையர் அல்லர்."

"எந்தக் கலரா இருந்தா எனக்கென்ன? இந்த மாசக் கடைசிக்குள்ள மனு போகலன்னா, கோட்ட மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாவ. நீங்க கமா போட்டுக்கிட்டே இருங்க, அவன் புல்டோசர் கொண்டாந்திருவான்."

ஜூன் 24 காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது லோகநாயகி பதினோராம் வரைவை உறையிலிட்டு, குடையோடு சேர்த்து வாசலில் வைத்து, நான் உடுத்தி வாசலுக்கு வந்ததும் உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள். மனு அளிக்கப்பட்ட வரலாறு இதுதான்.

மனு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றது. ஜூலை 8 அன்று கைபேசியில் அழைத்தவர் அங்குள்ள தலைமை எழுத்தர் பாண்டிராஜ். அவருடைய கோப்புகளை நான் ஒருகாலத்தில் திருத்தியிருக்கிறேன்; எந்த அளவுக்கு என்பது நினைவில்லை, எந்த மனநிலையில் என்பது நினைவிருந்தது.

"சார், ஒங்க மனுவ முழுசா படிச்சேன்" என்றார். "பிழையே இல்ல. தேடித் தேடிப் பாத்தேன்." அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. "பதினெட்டாம் தேதி காலையில பத்து மணிக்கு மேடம் எடத்தப் பாக்க வருதாங்க. காகிதம் மட்டும் பத்தாது. அப்ப இருந்த ஆளு யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

அப்போது இருந்த ஆள் எவரையாவது நான் கேட்டேனா என்பது அந்நேரம்வரை எனக்கே தோன்றாத கேள்வி. முப்பத்தோராண்டுகளில் நான் பதிவேடுகளை ஆய்ந்திருக்கிறேன், அறைகளை ஆய்ந்ததில்லை. ஆளுக்கு வழி சொன்னவரும் குருவம்மாள்தான். கடைக்கு இரண்டு வீடு தள்ளிக் குற்றாலிங்கம் என்பவர் இருந்தார். வயது எண்பத்து நான்கு. சீசன் காலத்தில் விருந்தினர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். எண்ணெய் ஊறிய பிறகுதான் ஜட்கா வண்டியேறி அருவிக்குப் போவார்கள்.

ஜூலை 15 பிற்பகல் குருவம்மாள் அவரைக் கடைக்கு அழைத்து வந்தார். நான் வினாப்பட்டியல் தயாரித்திருந்தேன். இருபத்து மூன்று வினாக்கள், உட்பிரிவுகளோடு. முதல் வினாவுக்கே அவர் இருக்கையில் நிமிர்ந்தார்.

"சூதலேயா? அந்தக் கறுத்த மெலிஞ்ச ஆளுல்லா? முதுகுல ஒரு மச்சம் இருக்கும். கூட வந்தவன் மலை மாதிரி. அவன் ஒருத்தனுக்கே ஒரு படி எண்ண போச்சு வே."

"அவர்கள் இந்தக் கூடத்தில்தானே பேசினார்கள்?"

"இந்தக் கூடத்துலயா? பேரு எழுத வந்ததோட சரி. ஒரு வாய்த் தண்ணி கூட இங்கன குடிக்கல."

"பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதே?"

குற்றாலிங்கம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சீசன்ல இந்த வரிசையில பன்னெண்டு வீடு வாடகைக்கு விடுவாவ. நோட்டு இந்தப் பங்களாவுல மட்டுந்தான் கெடந்துது. எந்த வீட்டுல தங்குனாலும் இங்கன வந்து பேரு எழுதிட்டுப் போவணும். போலீசு வந்தா ஒரே எடத்துல பாத்துட்டுப் போயிரும்லா. பேரு இங்கன, ஆளு வேற எங்கனயாவது. ஊருக்கே தெரியும். உமக்குத் தெரியாதா?"

ஊருக்கே தெரிந்திருந்தது. நான் ஊரைக் கேட்கவில்லை, நோட்டைக் கேட்டேன்.

"அவங்க தங்குன வீடு இடிஞ்சு முப்பது வருசமாச்சு. ஆனா, பேசுனது வீட்டுலயும் இல்ல. அந்தா, எதுத்தாப்புல புங்கமரத்தடியில ரெண்டு கல்லு கெடக்குல்லா? அங்கன. முத ரெண்டு நாளு ஒரே சண்ட. இவன் பேசுனா அவன் எந்திரிச்சுப் போயிருவான். அவன் பேசுனா இவன் எந்திரிச்சுப் போயிருவான். மூணாம் நாளு நானும் எங்க அண்ணனும் ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல குப்புறப் போட்டோம். எண்ண தேய்க்கும்போது எப்படி எந்திரிப்பான்? எந்திரிச்சா வழுக்கும். வழுக்கலன்னா நாங்க அமுக்கிருவோம். பேசித்தான் ஆவணும். ஒண்ணர மணி நேரம். கடைசில அந்த மெலிஞ்ச ஆளு, நம்ம தமிழுதான், பாக்கு வாயில வச்சுப் பேசுத மாதிரி இருக்கும், 'அண்ணே, எங்க சண்ட தீந்துது, இனி ஒரே நாடு'ன்னான். கை குடுத்தாங்க. எண்ணக் கை நிக்கல. பெறவு துணியால தொடச்சுட்டுக் குடுத்தாங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். குருவம்மாள் தாம்பாளம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் குற்றாலிங்கத்திடம். அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, அவரு சொன்னது ஒங்க காதுல விழல."

"விழுந்துவிட்டது."

"விழலங்கேன். கல்லு அங்கன இருக்குன்னு தெரிஞ்சா கோடு எங்கன வரும்? இங்கன. இந்த நடுக்கூடத்துல. முப்பது வருசமா ஊருல உள்ள ஆபீசுல எல்லாம் போயி சிவப்பு மை தடவுனீய. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒங்களால சும்மா இருக்க முடியாதா?"

"பார்க்கலாம்" என்றேன். அரசு அலுவலகங்களில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். மனுவோடு அலைந்து பழகிய குருவம்மாளுக்கும் தெரியும்.

லோகநாயகி குருவம்மாளின் கட்சி. "அவ ஒங்கள பொய் எழுதச் சொல்லல. எழுதாதீயன்னுதான் சொல்லுதா. எழுதாம இருக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்றாள்.

தெரியவில்லை. மூன்று நாள் முயன்று ஒரு திருத்தமனு எழுதினேன். உண்மை அதில் முழுமையாக இருந்தது. ஆனால் ஒன்பது உட்பிரிவுகளுக்கும் இரண்டு அடிக்குறிப்புகளுக்கும் இடையில், எவரும் எளிதில் சென்று சேர முடியாத ஓரிடத்தில். லோகநாயகியிடம் படிக்கக் கொடுத்தேன். "ஒரு எழவும் வெளங்கல" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பின்பு நினைவு வந்தது: இப்படிப்பட்ட குறிப்புகளை எழுதியவர்களுக்குத்தான் நான் பணிக்காலம் முழுவதும் விளக்கம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

ஜூலை 18, வியாழக்கிழமை, பத்து மணிக்குச் சாரல் விட்டிருந்தது. காற்று மட்டும் பிளெக்ஸை அடித்துக்கொண்டிருந்தது. கோட்டாட்சியர் வேல்விழி வேலூர்ப் பக்கத்தவர். வயது முப்பதுக்குள். பாண்டிராஜ் கோப்போடு பின்னால் வந்தார். குருவம்மாள் நாற்பத்திரண்டு அண்டாக்களையும் புளிபோட்டுத் துலக்கி, கூடத்தின் இருபுறமும் அணிவகுக்க வைத்திருந்தார். நடுவில் ஒரு முக்காலியில் பதிவேடு. அதற்கு மாலை. சூதலேயின் கையெழுத்தின்மீது குங்குமம் வேறு. ஆவணத்துக்கு நேர்ந்த சேதத்தை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

வேல்விழி பதிவேட்டைப் பார்த்தார். அண்டாக்களைப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்தார். "சார், உங்க மனு படிச்சேன். ஒரே ஒரு விஷயம் கேக்குறேன். ரெண்டு பேரும் உடன்பாட்டுக்கு வந்தது இந்தக் கூடத்துலதானா? ஆமாவா, இல்லையான்னு சொல்லுங்க. அப்படியே எழுதிக்கிறேன்."

சட்டைப்பையில் ஒன்பது உட்பிரிவுகள் இருந்தன. குருவம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

என் வாழ்நாளில் நான் வெளியிட்ட மிகச் சுருக்கமான அறிக்கை. திருத்த அதில் ஒன்றுமில்லை. திருத்த வேண்டும்போல் இருந்தது.

குருவம்மாள் ஓர் அண்டாவின் காதைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். பின் அடுத்ததை. சிமெண்டுத் தரையில் பித்தளை தேயும் ஒலி நெடுநேரம் கேட்டது. மூன்றாவது அண்டாவில் நிறுத்தி, "நாப்பத்திரெண்டு இருக்கு அண்ணாச்சி. ஒங்க வீட்டுல வைக்க எடமிருக்கா?" என்றார்.

குற்றாலிங்கம் வாசலில் காத்திருந்தார். வேல்விழி அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, எங்களையெல்லாம் சாலையைக் கடந்து புங்கமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். இரண்டு கருங்கற்பலகைகள், அரையடி இடைவெளியில், சருகு மூடிக் கிடந்தன.

"எப்படிப் படுத்திருந்தாங்க?" என்றார் வேல்விழி.

"வாயால சொன்னா வெளங்காது தாயி. ஆளு வேணும்." குற்றாலிங்கம் என்னையும் பாண்டிராஜையும் கண்ணால் அளந்தார். "நீரு மெலிஞ்ச ஆளு, அந்தக் கல்லு. தம்பி, நீங்க இந்தக் கல்லு. சட்டையக் கழட்டுங்க ரெண்டு பேரும்."

"சட்டையைக் கழற்றுவது இன்றியமையாததா?" என்றேன்.

"சட்டையில எண்ண பட்டா ஒம்ம வீட்டுக்காரி என்னையத்தான் ஏசுவா." இடுப்பிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்தார். அவர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார்.

வேல்விழி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் அளவை ஆராயத் தொடங்கினார். நான் முப்பத்தோராண்டுகள் கஞ்சிபோட்டுத் தேய்த்த சட்டையோடு மட்டுமே அரசு அலுவலர் முன் நின்றவன். இப்போது குப்புறக் கிடந்தேன். கன்னத்தில் கல் குளிர்ந்தது. அரையடிக்கு அப்பால், அதேபோல் கன்னம் நசுங்கி, பாண்டிராஜின் முகம். குற்றாலிங்கத்தின் ஒரு கை என் பிடரியிலும் மறுகை அவர் பிடரியிலும் இறங்கியது. எண்பத்து நான்கு வயதுக் கை என்று நம்ப முடியவில்லை.

"சார்" என்றார் பாண்டிராஜ் மெல்ல. "2011 மார்ச்சுல எனக்கு ஒரு மெமோ குடுத்தீங்க."

"நினைவில்லை."

"எனக்கு இருக்கு. ஒரே பக்கத்துல பதினாலு பிழைன்னு எழுதியிருந்தீங்க. நானும் எண்ணிப் பாத்தேன். பதிமூணுதான்."

"அதற்கு வாய்ப்பேயில்லை." நான் எழ முயன்றேன். கை வழுக்கியது.

"ஏலே, படு" என்றார் குற்றாலிங்கம். நாற்பதாண்டுகளாக என்னை எவரும் அப்படி அழைத்ததில்லை. படுத்தேன்.

கல்லில் ஓர் எறும்பு எங்கள் இருவருக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். பார்க்க வேறெதுவும் இல்லை. முதுகில் எண்ணெய் இறங்க இறங்க, பிடிவாதத்துக்குத் தேவையான தசைகள் எவை என்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

"பதின்மூன்றாக இருக்கலாம்" என்றேன். "வருந்துகிறேன்."

பாண்டிராஜ் கண்ணை மூடித் திறந்தார். "அந்த மெமோனால ஒரு இன்கிரிமென்ட் தள்ளிப்போச்சு. சரி, விடுங்க." பின் எறும்பைப் பார்த்தபடியே, "அந்தம்மா கடை போயிரும் சார் இப்ப" என்றார்.

"தெரியும்."

"கல்லும் போகக் கூடாதுங்கீங்க."

"கூடாது."

"அப்ப கோட்ட எங்கனதான் தள்ள?"

"தள்ளாமல் விட்டால்?"

குற்றாலிங்கத்தின் கட்டைவிரல் எங்கள் இருவர் முதுகெலும்பிலும் ஒரே சீராக ஏறி இறங்கியது.

"விடலாம்" என்றார் பாண்டிராஜ் கடைசியில். "ஒரு பக்கம் பதிவேடு இருக்கு. ஒரு பக்கம் சாட்சி இருக்கு. ரெண்டும் விசாரணையில இருக்கு, முழு அறிக்கை வர்றவரைக்கும் இந்த நாப்பது மீட்டர்ல மட்டும் ரோடு பழைய அகலத்துலயே போவட்டும்னு மேடம் எழுதலாம். ரூல்ல எடம் இருக்கு. ஆனா அறிக்கை எழுதுற ஆளு அவசரப்படாத ஆளா இருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் பணித்திறன் குறித்து ஒருவர் மனமார வழங்கிய முதல் பாராட்டு அது. வாழ்நாள் முழுவதும் நான் எதிர்பார்த்திருந்த காரணத்துக்காக அல்ல என்பதுதான் வேறுபாடு.

"ஒப்புக்கொள்கிறேன்" என்றேன், கல்லில் கன்னம் அழுந்தியபடியே.

"முடிஞ்சுதா?" என்றார் குற்றாலிங்கம். "எந்திரிச்சு கை குடுங்க. மொதல்ல தொடைங்க."

பாண்டிராஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு வேல்விழியிடம் சென்று பேசினார். அவர் கேட்டுக்கொண்டே சாலையின் இருபுறமும் பார்த்தார். பின் என்னிடம் வந்தார்.

"அறிக்கையை நீங்களே எழுத முடியுமா சார்? எத்தனை நாள் ஆகும்?"

"மேடம்" என்றார் பாண்டிராஜ், "ஒரு பக்க மனுவுக்கு சார் ரெண்டு வருசம் எடுத்துக்கிட்டாங்க."

வேல்விழி என்னை நிதானமாகப் பார்த்தார். சிரித்தாரா என்று என்னால் சான்றளிக்க முடியாது. "அறிக்கை முழுமையா இருக்கணும். ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. அதுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ ஆகட்டும்" என்றார்.

இதை நான் குருவம்மாளிடம் ஓடிச் சென்று சொன்னேன். சட்டைப் பொத்தானைத் தவறாகப் போட்டிருந்தேன் என்று பின்னால் லோகநாயகி சொன்னாள். குருவம்மாள் அண்டா இழுப்பதை நிறுத்தவில்லை. "கையெழுத்துப் போட்ட காகிதம் வரட்டும்" என்றார். "பார்க்கலாம்னு நீங்களும்தான் சொன்னீய."

காகிதம் வர ஆறு வாரங்களாயின. கோப்பு நெடுஞ்சாலைத் துறைக்குப் போய்த் திரும்பியது, மீண்டும் போனது. குருவம்மாள் என்னோடு பேசவில்லை. பாத்திரங்களைச் சாக்குகளில் கட்டத் தொடங்கியிருந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்கு வந்த இரண்டு பேரை வேறு கடைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் நாள்தோறும் அந்த வழியே நடந்தேன். மஞ்சள் அம்புக்குறி அப்படியே இருந்தது. ஒருநாள் பக்கத்து நிலத்தில் ஒரு புல்டோசரும் வந்து நின்றது. அன்றிரவு உண்ணவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும்; உண்டேன், குறைவாக.

ஆகஸ்ட் 28, புதன்கிழமை, பிற்பகல் 3.15க்குப் பாண்டிராஜ் என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். பெற்றுக்கொண்டதற்கான பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு, இரண்டு தாள்களைக் கொடுத்தார். சாலையின் இருபுறமும் தற்போதைய நிலை தொடரும். மேலகரம் பங்களா முன்புறம் நாற்பது மீட்டர் நீளத்துக்குச் சாலை இப்போதுள்ள அகலத்திலேயே இருக்கும். சாந்தெல் குடியரசின் முதல் உடன்பாடு எட்டப்பட்ட இடம் குறித்து ஆய்வாளர் (ஓய்வு) கோமதிசங்கர் முழுமையான அறிக்கை அளிக்கும்வரை இவ்வாணை நடைமுறையிலிருக்கும். கீழே, பச்சை மையில், வேல்விழியின் கையெழுத்து.

மூன்றாம் பத்தியில் இரண்டு பிழைகள் இருந்தன. கண்டேன். நான் காண்பதைப் பாண்டிராஜ் கண்டார்.

"சார்?" என்றார்.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்றேன்.

மேலகரத்தில் பேருந்தை விட்டிறங்கியபோது வெயிலடித்தது. குருவம்மாள் கரண்டிகளைச் சாக்கில் போட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஆணையைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கம்வரை அவர் கயிற்றை விடவில்லை.

"கையெழுத்து?"

காட்டினேன்.

"அறிக்கைய எப்ப குடுக்கணும்?"

"நாள் குறிப்பிடப்படவில்லை."

"நீங்கதான் எழுதணுமா? வேற ஆளு யாரும் இல்லல்லா?"

"நான் மட்டும்தான்."

ஆறு வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "எவ்வளவு எழுதியிருக்கீய?"

"முதல் வாக்கியம் இன்னும் அமையவில்லை."

"அப்ப என் பேத்தி கல்யாணம் வரைக்கும் தாங்கும்" என்றார். அவருடைய பேத்தி இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

ஆணையை அவர் கைகளில் கொடுத்தேன்.